எழுபத்தைந்தாவது கோடு

மருந்துக்கடையில் குளிசை எண்ணுகிறவள் நான்.
ஐந்து ஐந்தாய்த் தள்ளிப் பழகிய விரல்.
அதனால்தான் என் கையில் தந்தார்கள்
கணக்குப் புத்தகத்தையும் பென்சிலையும்.

லிண்ட்சே மைதானம். ஞாயிறு, கடைசி ஆட்டம்.
வென்றால் ஆகஸ்டில் மாகாணப் போட்டி.
தோற்றால், வந்த வழியே அஜெக்ஸ்,
டெக்லனின் அம்மா ஷானனின் வேனில்.

வலைக்குப் பின்னால் ஒரு மடக்குமேசை.
பக்கத்தில் எதிரணிக் கணக்கர் வேர்ன்,
ஓய்வுபெற்ற தபால்காரர்.
ஒவ்வொரு இன்னிங்ஸ் முடிவிலும்
எண்களை ஒப்பிடுகிறோம் இருவரும்,
சம்பந்திகள் மொய்க் கணக்குப் பார்ப்பதுபோல.

பன்னிரண்டு வயதுத் தோளுக்கு ஒரு சட்டம்:
எழுபத்தைந்து பந்து.
எதிரே நிற்பவனை முடித்துவிட்டு இறங்கு.
தோள் யாருடையது என்று சட்டம் கேட்பதில்லை.

டெக்லன் காது சிவந்த பையன்.
எறியுமுன் இடது சப்பாத்தால்
மண்ணை இருமுறை கிளறுவான்.
என் தாளில் நாலு கோடு நிமிர்ந்து நிற்க
ஐந்தாவது குறுக்கே விழும்.
வேலி வேலியாய் அவன் களைப்பு.

கடைசி இன்னிங்ஸ். இரு பக்கமும் நாலு ஓட்டம்.
இரண்டு பேர் அவுட்.
மூன்று பேஸிலும் ஆட்கள், மூவரையும்
அங்கே நிறுத்தியவன் டெக்லன்.
அம்பயர் முகமூடியைத் தூக்கிக் கேட்டார்:
எத்தனை?

எழுபத்துநாலு, என்றார் வேர்ன்.

மூன்றாம் இன்னிங்ஸில் அவர்
காற்சட்டையில் விழுந்த கடுகைத் துடைத்தபோது
வறுவல் விற்கும் கொட்டகைக் கூரையில்
உருண்டுபோனது ஒரு ஃபவுல்.
நான் பார்த்தேன்.

கடைசிக் கோடு குறுக்குக் கோடு.
அதை அழித்தால் வேலி திறக்கும்,
இன்னும் ஒருவனுக்கு எறிவான் டெக்லன்.
எதிரியே தரும் பந்து,
எடுத்துக்கொண்டால் ஒருவரும் கேட்கமாட்டார்கள்.
பென்சிலின் மறுமுனையில் ரப்பர் புதுசு.

வலைக்கு அப்பால் யாரோ எறிந்து பழகும் சத்தம்.
இலக்கம் பதினேழு.
என் ஆரூரன்.

எழுபத்தைந்து, என்றேன்.
முதலில் தமிழில் சொல்லிவிட்டேன்.
பிறகு அவர்களுக்குப் புரிய.

டெக்லன் அழவில்லை. கோச்சின் உள்ளங்கையில்
கடன் திருப்புவதுபோலப் பந்தை வைத்தான்.
பின்னால் ஷானன்
தன் நாற்காலியை மடித்த சத்தம் கேட்டது.
ஆட்டம் முடியாதபோது
நாற்காலியை மடிப்பார்களா?

ஆரூரன் என்னைப் பார்க்கவில்லை.
மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக்.
அடுத்தது வெளியே,
ஒரு குளிசையின் அகலம்.
எதிரணிப் பிள்ளைகள் தண்ணீர்ப் போத்தல்களோடு
வெள்ளம்போல் உள்ளே.

எனக்கு எழுத்து வேலை மிச்சம் இருந்தது.
பேஸில் ஆளை ஏற்றியவன் பேரில்தான்
ஓட்டம் விழ வேண்டும், அதுவும் சட்டம்.
டெக்லனின் கட்டத்தில் ஐந்து.
தோல்வியும் அவனுக்கு.
என் மகனின் கட்டத்தில் சைபர்.
சரியாகத்தான் எழுதினேன்.
சரியாக எழுதும்போதே கை கூசியது.

கூரையிலா? என்று கேட்டார் வேர்ன்.
ஓம், கூரையில்.
தன் தாளில், பேனையால்,
இடமில்லாத இடத்தில் ஒரு கோடு நுழைத்தார்.

வேனில் நாலு பேர்.
டெக்லனின் தோளில் ஐஸ் பை,
அது உருகும் வாசம் என்று ஒன்று இருக்கிறது.
பின்சீற்றிலிருந்து தமிழில் ஒரு குரல்:
அம்மா, கடைசிப் பந்து உள்ளதானே போனது?

பொய் சொல்ல நல்ல மொழி,
கேட்பவன் ஒருவன்தான்.

இல்லை ராசா. வெளியாலை.

போர்ட் பெர்ரி வரை ஒருவரும் பேசவில்லை.
என்ன சொன்னான்? என்று அப்போதுதான்
டெக்லன் கேட்டான்.
பசிக்குதாம், என்றான் ஆரூரன், தன்னைப் பற்றியே.

ஷானன் ஒன்றும் சொல்லாமல்
இண்டிகேட்டரைப் போட்டாள்.
டிக், டிக், டிக், டிக்.
எண்ணாமல் இருக்கப் பார்த்தேன்.