திரும்பி வரும் நீளம்

அன்யா ரோட்டர்முண்டை
எனக்கு வாயை வைத்துத்தான் தெரியும்.
தண்ணீர் விளிம்பில் சாய்ந்து திறக்கும் பாதி வாய்,
சிவந்த மேலண்ணம்,
கீழ்க் கடைவாயில் அடைத்த ஒரு வெள்ளிப் பொட்டு.

பதினோரு வருடம்
அவள் நான்காம் தடம், நான் ஐந்தாம் தடம்.
அவளுக்கு இடப்பக்கம் மூச்சு. எனக்கு வலப்பக்கம்.
சுவரை உதைத்துப் போகும்போதெல்லாம்
மூன்று கைவீச்சுக்கு ஒருமுறை
எதிரெதிரே வாய் பிளந்தோம்,
ஏதோ சொல்ல வந்து
ஒவ்வொரு முறையும் மறந்துவிட்டவர்கள்போல.

திரும்பி வரும்போது அவள் இல்லை.
எனக்கு ஆறாம் தடத்தின் கலங்கிய வெளிச்சம்,
அவளுக்கு மூன்றாம் தடம்.
நடுவில் இரண்டு பின்னந்தலைகள்.

நானூறு மீட்டரின் கடைசி நீளம்
எப்போதும் திரும்பி வரும் நீளம்தான்.
அதனால் அவள் ஜெயித்ததை நான் பார்த்ததே இல்லை.
நான் சுவரைத் தொடும்போது
தொப்பியைக் கழற்றியிருப்பாள்.
மிதவைக் கயிற்றில் முழங்கை ஊன்றி
பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி இருப்பாள்.

வுப்பர்டாலில் காலை ஐந்தரை.
குன்றின்மேல் குளம் இன்னும் திறக்கவில்லை.
அவள் அம்மா காரை அணைக்காமல் வைத்திருப்பார்.
என் அப்பா பாண் தொழிற்சாலை இரவு வேலையிலிருந்து நேராக வந்து
மாடத்து பெஞ்சில் மாவு வாசத்தோடு தூங்குவார்.
ஜனவரியில் வெளியே வந்தால்
ஈரத்தலை குச்சிகுச்சியாய் உறையும்.
ஒடித்துப் பார்க்கலாம் என்று ஒருநாள் சொன்னாள்.
அவ்வளவுதான் பேச்சு.

ரோட்டர்முண்ட் என்பதை
அறிவிப்பாளர் ஒரே வீச்சில் எறிவார்.
பரராஜசிங்கத்தில் பாதி வழியில் முங்கிவிடுவார்.
சிங்கம் கரையேறுமுன் விசில் ஊதிவிடும்.

பதினான்கில் மாநிலம், பதினாறில் நாடு.
அடுத்தடுத்து ஆறு வருடம் நாடு.
ஒரு கோடை முழுக்கப் பால் பெட்டியில் சிரித்தாள்,
வாயை மூடிக்கொண்டு.
எங்கள் ஃபிரிட்ஜிலும் இருந்தாள்.
யாரோ ஒருத்தி என்றுதான் தோன்றியது.
நாலு நிமிடம் ஒன்பதிலிருந்து
நாலு நிமிடம் ஆறுக்கு இறங்க
அவளுக்கு ஐந்து வருடமும்
ஒரு தோள்பட்டையும் ஆயின.
அதே மூன்று நொடி எனக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.
தோள் நன்றாகவே இருக்கிறது.

பெர்லினில் கடைசிப் பந்தயம்.
கடைசித் திருப்பம் முடிந்து
பதினைந்து மீட்டர் இருக்கலாம்.
ஏன் என்று தெரியாது,
பழகாத இடப்பக்கம் தலையைத் திருப்பினேன்.
அவள் முகம்.
நோகும் தோளைக் காப்பாற்ற
அவளும் பழகாத பக்கம் திரும்பியிருந்தாள்.
யாரும் இருக்கக்கூடாத இடத்தில் ஆள் இருந்ததுபோல
இருவரும் திடுக்கிட்டோம்.
இருவரும் தண்ணீர் குடித்தோம்.

இரண்டாம் தடத்தில் ஒரு பதினாறு வயதுக்காரி
எங்கள் இருவருக்கும் தெரியாமல்
ஜெயித்துவிட்டுப் போனாள்.

மூன்று வருடம் கழித்து,
ஆற்றுக்கு மேலே தொங்கிப் போகும் ரயிலில்
ஒரு பெண் என் இடப்பக்கம் வந்து நின்றாள்.
காய்ந்த முடி, கனமான கோட்டு,
கையில் குளியலறை ஓடுகளின் மாதிரி அட்டை.
தெரியவில்லை.
ஓலிக்ஸ்மூலே நிறுத்தத்தில் கொட்டாவி விட்டாள்.
வெள்ளிப் பொட்டு.

அன்யா, என்றேன்.
என் முகத்தை அவள் வெகுநேரம் தேடினாள்.
சிரித்துக் காட்டினேன்.
அப்போதும் குழப்பம்.

"உனக்கு மேலே ஒரு பல் கோணலாக இருக்குமே?"

கம்பி கட்டி நேராக்கிவிட்டேன் என்றேன்.

"அய்யோ," என்றாள்,
யாரோ இறந்த செய்தி கேட்டவள்போல.
வளைவில் ரயில் சாய்ந்தது.
இருவரும் ஒரே கம்பியைப் பிடித்தோம்.
கீழே வுப்பர் ஆறு,
முழங்கால் ஆழம்கூட இல்லை.