சிங்கிள் பேஸா, த்ரீ பேஸா

நாகலூரில் எனக்கு சிக்னல் கிடைப்பது
தண்ணீர்த் தொட்டி மேட்டில் மட்டும்.
ஏறி நின்று திறக்கிறேன்,
காப்பிப் பழத்துக்குத் தோலுரிக்கும் மெஷின்
விற்கிற கம்பெனியை.

முதலில் ஒரு சூரிய உதயம்.
பிறகு கோட்டுப் போட்ட இருவர் கைகுலுக்குகிறார்கள்.
நாலு கையிலும் ஒரு நகத்தில்கூட
பழக்கறை இல்லை.
‘உங்கள் கனவுகளுக்கு உறுதுணை’ என்று
இடமிருந்து வலம் நழுவி வருகிறது எழுத்து.

கனவை விடுங்கள் ஐயா.
ஒன்றேகால் ஏக்கர். தை முடிவதற்குள்
ஆயிரத்து இருநூறு கிலோ பழம்.
பறித்த அன்றே உரிக்காவிட்டால் புளித்துவிடும்.
மணிக்கு எத்தனை கிலோ,
என் வீட்டு சிங்கிள் பேஸில் ஓடுமா,
இருபது கொண்டை ஊசி வளைவும்
குட்டியானையில் ஏறி வருமா,
விலை.

விலை இருக்க வேண்டிய இடத்தில்
‘அணுகவும்’ என்றொரு பொத்தான்.
அணுகினேன்.
பெயர் கேட்டது. மின்னஞ்சல் கேட்டது.
நிறுவனத்தில் உங்கள் பதவி என்றது.
முதலாளி என்று போட்டேன்,
பறிக்கிறவள் என்றும் சேர்த்தேன்.
கட்டம் சிவந்துவிட்டது.

கடைசியில்
மெஷின் படத்தை இரு விரலால் விரித்தேன்.
அதன் இடுப்பில் ஆணியடித்த ஒரு தகடு.
பட்டறையில் யாரோ
அச்சு வைத்துச் சுத்தியால் தட்டிய எழுத்து:
ஒரு குதிரைத்திறன். எடை எண்பத்து நாலு கிலோ.
அத்தனை பக்கத்திலும்
என்னோடு பேசியது அது ஒன்றுதான்.
பேஸ் என்பதற்கு நேராக
வெளிச்சம் பட்டு ஓர் எண்.
ஒன்றா, மூன்றா?
விரிக்க விரிக்கச்
சாம்பல் சதுரங்களாய் உதிர்ந்தது.

மறுநாள் பஸ் பிடித்துச் சேலம் இறங்கினேன்.
வரைபடத்துச் சிவப்புப் புள்ளி
ஜங்ஷன் தண்டவாளத்தின் மேல் நின்றது.
விசாரித்து விசாரித்து, செவ்வாய்ப்பேட்டையில்
தகரக் கொட்டகை.
கிரீஸ் கையோடு அர்த்தனாரி:
‘சிங்கிள் பேஸும் இருக்கும்மா, மூவாயிரம் கூட.
காயும் பழமும் கலந்து போட்டா தட்டு அடைக்கும்.
வாரம் ஒருக்கா கழட்டிக் கழுவணும்.’

இதை ஏன் போடவில்லை என்றேன்.
‘குறையெல்லாமா போடுவாங்க?’

அந்தக் குறையைக் கேட்ட பிறகுதான்
மடியிலிருந்து அட்வான்ஸை எடுத்தேன்.

வீடு வந்தால்
வாசல் தட்டியில் என் கையெழுத்து:
அசல் ஏற்காடு காப்பி.
அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை.
கீழே எழுதினேன்,
சிக்கரி இல்லை.
கால் கிலோ இருநூற்று இருபது.
அடுத்த வரிக்கு
சாக்பீஸைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றேன்.

போன வருஷத்துக் கொட்டை.