ஓர் அடி

பாசிர் பாஞ்சாங்கில் பதினேழு வருடம்
முழங்கால்களுக்கு நடுவே, கண்ணாடித் தரை வழியாக
கீழேயே பார்த்துக் கிரேன் ஓட்டியவன்.
ஜனவரியில், குனிந்தால் முகம் உப்பியது.
சட்டைக் காலர் இறுகிற்று.
சதை போட்டிருக்கு, நல்லதுதான் என்றார்கள்
கோப்பிக் கடையில்.

மார்பில் நீல நரம்புகள் கிளைத்திருந்ததை
முதலில் பார்த்தவள் பூவிழி.
துண்டைக் கொடுக்க வந்தவள்
கொடுக்காமலே நின்றாள்.

தைமஸ் என்றார் டாக்டர் செங்.
பிள்ளைப் பிராயத்தில் பெரிதாயிருந்து
வளர வளரக் கரையும் சுரப்பியாம்.
எனக்குக் கரையாத மிச்சம்
பெரிய சிரைக்குள் புகுந்து, நாக்காய் நீண்டு,
இதயத்தின் மேலறையில் நுனி ஆட்டுகிறது.
திரையில் காட்டினார்.
ஒவ்வொரு துடிப்புக்கும் எட்டிப் பார்த்துவிட்டுத்
திரும்பியது.

எப்படித் தூக்குவீர்கள்?
தொழில் கேள்வி.
எலும்பைப் பிளந்து, ரத்தத்தை இயந்திரத்தில் ஓடவிட்டு,
சிரையைத் திறந்து, முழுசாக.
நுனி முறிந்தால்?
பேனாவை மூடினார்.
முறியக்கூடாது.

நாங்கள் பெட்டியை முதலில்
ஓர் அடிதான் தூக்குவோம், டாக்டர்.
நிறுத்துவோம்.
நாலு மூலையும் பூட்டு விட்டதா,
கப்பலையும் சேர்த்து இழுக்கிறோமா
பார்த்துவிட்டுத்தான் மேலே.
அவர் சிரிக்கவில்லை.
ஓர் அடி, என்று திருப்பிச் சொன்னார்.

வியாழன் காலை ஏழரைக்கு.
படுத்தால் முகம் நிறைவதால்
நாற்காலியில் சாய்ந்தே கிடக்கிறேன்.
பன்னிரண்டாம் மாடிச் சன்னலில் துறைமுக வெளிச்சம்.
என் கிரேனில் இன்றிரவு யாரோ அவசரக்காரன்.
நிறுத்தவே இல்லை,
ஒரே இழுப்பு.