வலக்கண் விலை

ஒன்பது மணிவரை மொகோக்கில் யாரும் விலை பேசுவதில்லை.
பனி விலகட்டும்.
பனிக்குள் வாங்கிய கல்
வீட்டுக்குப் போனதும் வேறு கல்.
அதுவரை தேநீர்,
யார் மகனுக்கு யார் மகள்,
மடியில் முடிந்திருப்பதைத் தவிர
மற்ற எல்லாவற்றையும் பற்றிய பேச்சு.

பிறகு குடைகள் விரியும்.
சிவப்புக் குடைக்குக் கீழே நான் உட்காரமாட்டேன்,
அங்கே உப்புக்கல்லும் மாணிக்கம்.

டோ நியோ மே பித்தளைத் தட்டில் கல்லைச் சரித்தாள்.
பித்தளை மஞ்சளைக் கடன் கொடுக்கும்.
கல்லுக்குள் ஊதா கொஞ்சம் பதுங்கியிருந்தால்
அந்தக் கடனில் அடைபட்டுப் போகும்.
அவளுக்கு அது தெரியும்.
எனக்குத் தெரியும் என்பதும் தெரியும்.
இடுக்கியால் எடுத்து என் வெள்ளைத் தாளில் வைத்தேன்.
வெற்றிலையை மறுகன்னத்துக்கு மாற்றிக்கொண்டாள்,
அவ்வளவுதான்.

இரண்டேகால் காரட்.
தாளில் ஒரு புள்ளி வைத்து அதன்மேல் கல்லை நகர்த்தினேன்.
புள்ளி தெரியவில்லை. நல்லது.
புள்ளி தெரிகிற இடத்தில் நிறம் இல்லை,
வெறும் ஜன்னல்; அதற்கும் எடைக்கூலி கேட்பார்கள்.
சாய்த்தால் ஓரத்தில் ஒரு கறுப்பு வந்து போகிறது.
வரட்டும், தங்காமல் இருந்தால் சரி.
"புறா ரத்தம்" என்றாள்.
இந்தச் சந்தையில் புறாவை அறுத்துப் பார்த்தவர் எவருமில்லை.
விலையில் பாதி அந்தச் சொல்லுக்கு.

சிவப்புதானா இது,
இல்லை சிவப்பாகிவிடலாம் என்று
நெடுநாளாய்ப் புறப்பட்டுக்கொண்டிருக்கும் ரோஜா நிறமா?

முன்பென்றால் இதற்குள் சொல்லியிருப்பேன்.

மாண்டலேயில் வலக்கண்ணில் புரை எடுத்து
இன்று நாற்பத்தோராவது நாள்.
இடதுக்கு அவசரமில்லை, மழை முடிந்து வாருங்கள் என்றார் டாக்டர்.
ஒரே முகத்தில் இப்போது இரண்டு தரகர்கள்.
இடது சொல்கிறது: தணல். குற்றமில்லை. எடு.
வலது சொல்கிறது: விளிம்பில் கத்தரிப்பூ கசிகிறது, பார்.
மாற்றி மாற்றி மூடிப் பார்க்கிறேன்.
எதிர்க்கடைப் பையன்
யாருக்கோ கண்ணடிக்கிறேன் என்று சிரிக்கிறான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால்
ரங்கூன் மொகல் தெரு மீராலெப்பை
ஒரு கல்லைத் திருப்பிக் கொண்டுவந்தார்.
"சங்கரவடிவு, இதில் ஊதா இருக்கே."
அத்தனை பேர் நடுவில் கத்தினேன்,
உங்கள் கடை விளக்கை மாற்றுங்கள் என்று.
பணத்தைக்கூட எண்ணாமல் வாங்கிப் போனவர்
பிறகு இந்த மலை ஏறவில்லை.
அந்தக் கல்லை நான் பழுத்துப்போன கண்ணால் பார்த்திருக்கிறேன்.
என் கண்ணே பித்தளைத் தட்டாக இருந்திருக்கிறது.
அதற்கப்புறம் எத்தனை கல்.
எந்தெந்த விரல்களில்.

சொன்னேன் டோ நியோ மேயிடம், வலக்கண் விலையை.
அவள் பாக்கைத் துப்பிவிட்டுக் கேட்டாள்:
"அந்தக் கண் எந்த ஊர்ச் சரக்கு?"

வாயடைத்துப் போனேன்.
செயற்கைக் கல்லைத் தாளில்கூட வைக்கவிடாதவள்,
சூடு காட்டிய கல்லை உருப்பெருக்கியில் பார்த்தவுடன்
தள்ளிவிடுகிறவள்,
தொழிற்சாலையில் கடைந்த வில்லை ஒன்றைக்
கண்ணுக்குள்ளேயே பதித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.
சுத்தமாகத் தெரிகிறது அதில்.
மண்ணில் விளைந்த கண்ணிலோ
மண்ணின் நிறம்.

சிவப்பையே பார்த்திருந்தால் கண் சலித்துவிடும்.
கடுகுக்கீரைக் கூடைக்காரியின் பச்சையை
நூறு எண்ணும்வரை பார்த்தேன்.
எண்ணும்போதே
மீராலெப்பையின் நம்பரில் கடைசி மூன்று எண்கள்
நினைவுக்கு வந்தன. முதல் எண்கள் வரவில்லை.

திரும்பினால், தாளின்மேல் வெயில்.
கல் உள்ளிருந்து பற்றி எரிந்தது.
வெயில் பட்டால் மொகோக் கல்லின் குணம் அது,
வாங்கிய ஒளியைச் சிவப்பாகவே திருப்பித் தரும்.
இடதும் வலதும் சண்டையை நிறுத்திவிட்டன.
இரண்டுக்கும் ஒரே சிவப்பு.

இந்த நேரத்தில்தான் வாங்கக் கூடாது.
தொழிலுக்கு வந்த முதல் வாரமே கற்றது,
கைக்காசு கொடுத்து.

"என்ன சொல்கிறாய்?" என்றாள்.
நிழல் வரட்டும் என்றேன்.
அவள் குடையைச் சற்று என் பக்கம் சாய்த்தாள்.
வெள்ளைக் குடைதான். பார்த்துக்கொண்டேன்.