பார்லாவுக்கு, வண்டி குறித்து

சாவி பால் மாதிரிக் குப்பிகளின் பெட்டியில் இருக்கிறது.
ஆணியில் தேடாதே, ஆணி விழுந்துவிட்டது.

சோக்கைப் பாதிதான் இழு.
முழுக்க இழுத்தால் புரையேறி அணைந்துவிடும்,
அப்புறம் கால்மணி நேரம் கெஞ்ச வேண்டும்.
மூன்றே சிலிண்டர்.
நின்றால் நடுங்குவது குளிரால் அல்ல.
ஜூலையிலும் நடுங்கும்.

இன்றிரவு முழங்கால் வரை பனி விழும் என்கிறார்கள்.
அதனால் இந்தத் தாள் கொஞ்சம் நீளம்.
மற்ற நாள் என்றால்
'பெட்ரோல் பதினொரு லிட்டர், உன் பங்கு பாக்கி'
அவ்வளவுதான் எழுதியிருப்பேன்.

கியர் தடியின் தலையில் இருக்கும் பொத்தானை
அழுத்தினால் நாலு சக்கரமும் இழுக்கும் என்று
விற்றவன் சொன்னான் அல்லவா,
அது முழு உண்மையில்லை.
இஞ்சின் உறிஞ்சும் மூச்சில் கொஞ்சம் கடன் வாங்கி
விரல் தடிமன் ரப்பர் குழாய் ஒன்று
பின் அச்சை எழுப்பப் போகிறது.
அந்தக் குழாய் வெடித்துவிட்டது.
பச்சை விளக்கு எரியும்.
விளக்குக்கு என்ன தெரியும்,
நீ கேட்டாய் என்று மட்டும் சொல்லும்,
பின்னால் யாருக்காவது காதில் விழுந்ததா என்று சொல்லாது.
சைக்கிள் டியூப் வெட்டிச் சுற்றியிருக்கிறேன்.
வெள்ளிக்கிழமை வரை தாங்கும் என்கிறான் ஜியேரி.

சர்ச் தாண்டியதும் அழுத்து,
ஏற்றம் தொடங்குவதற்கு முன்.
சறுக்கத் தொடங்கிய பின் அழுத்துவது
விழுந்த பின் கைப்பிடியைத் தேடுவது.
டயர் ஒல்லி, அதுதான் அதன் பலம்.
அகல டயர்காரர்கள் பனிமேல் மிதந்துபோய்ப்
பள்ளத்தில் உட்கார்ந்திருப்பார்கள்,
இது கத்திபோல் கிழித்து
அடியில் கிடக்கும் சரளையைத் தேடிப் பிடிக்கும்.
கையசைத்துவிட்டுப் போ. நிறுத்தாதே,
நின்றால் மறுபடி கிளப்புவது கஷ்டம்.

சுரங்கத்துக்குள் தார் காய்ந்திருக்கும்.
அங்கே பொத்தானை விட்டுவிடு.
வளைவில் முன் சக்கரங்கள் சுற்றிப் போகப் பார்க்கும்,
பின் சக்கரங்கள் குறுக்கே வரப் பார்க்கும்.
பெரிய வண்டிகளில் நடுவே பஞ்சாயத்து பண்ண
ஒரு பல்சக்கரப் பெட்டி உண்டாம்.
இதில் இல்லை.
ஸ்டியரிங் கல்லாகும்,
வண்டி தவளைபோல் தத்தும்,
முறுக்கு முழுதும் உள்ளேயே ஏறும்.
பனியில் இந்த வழக்கே கிடையாது,
யாராவது கொஞ்சம் வழுக்கிக் கொடுத்துவிடுகிறார்கள்.

இதற்கு மேல் எழுதினால்
மேய்ச்சல் நிலம் விற்றதைப் பற்றி எழுதுகிறேன் என்பாய்.
வண்டியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பொத்தான் விடுபட மறுத்தால் அடிக்காதே
(அடித்திருக்கிறாய், கீறல் தெரிகிறது).
நேராக வைத்துப் பத்தடி பின்னால் எடு.
டக்கென்று ஒரு சத்தம் வரும்.
அவிழ்ந்துவிட்டது என்று அர்த்தம்.

இறக்கத்தில், வளைவின் பாதியில்,
ஆக்சிலேட்டரிலிருந்து காலை வெடுக்கென்று எடுக்காதே.
பின்பக்கம் லேசு,
என்ன ஆச்சு என்று முன்னால் வந்து எட்டிப்பார்க்கும்.
பயந்து பிரேக்கை மிதித்தால்
நேரே மாட்டுத் தண்ணீர்த் தொட்டிதான்.
எனக்கெப்படித் தெரியும் என்றால்
இடது விளக்கின் விரிசல் என்னுடையது.
நீ இடித்ததாக ஜியேரியிடம் சொல்லியிருந்தேன்.
நேற்று போய் மாற்றிச் சொல்லிவிட்டேன்.

கடைசியாக, இருக்கை.
அதிகாலை நாலு மணிக்கு நான் பின்னால் தள்ளுவேன்,
மாலை ஆறு மணிக்கு நீ முன்னால் இழுப்பாய்.
மூன்று குளிர்காலம் இப்படி.
தண்டின் பற்கள் தேய்ந்து
நேற்றிலிருந்து நட்டநடுவில் மாட்டிக்கொண்டது.
எண்ணெய் விட்டேன், உதைத்தேன், அசையவில்லை.
எனக்கு முட்டி இடிக்கிறது.
உனக்கு கிளட்ச் எட்டாது.
முதுகுக்கு வைத்துக்கொள்ள
ஒரு தலையணை வாங்கி வைத்திருக்கிறேன்.

பன்னிரண்டு பிராங்க்.
பாதி உன்னுடையது.

மெங்கியா