கண்ணாடிக்குத் தேய்மானம் இல்லை

கீழக்குயில்குடி விலக்கில் இறங்கி
தாமரைக் குளம் வரை நடந்தேன்.
டேப், கேமரா, நான்கு நகல் படிவம்.
எரிந்ததை எண்ணுவது என் பிழைப்பு.

சமணர் மலை நிழலில்
பாதி வெந்து நின்றது அது.
பழைய டெம்போ டிராவலர்.
உள்ளே அடுப்பு, மடக்குக் கட்டில்,
ஒரு வாளி அகலத்தில் குளியலறை.
பக்கவாட்டில் பெயிண்ட் எழுத்து:
'நடமாடும் இல்லம், வாடகைக்கு.'
கீழே போன் நம்பர்,
கடைசி இரண்டு எண் கருகியிருந்தது.

கோப்பை மூட அந்த எழுத்தே போதும்.
பாலிசியில் இருப்பது 'சொந்த உபயோகம்'.
ஆனாலும் அளக்கவேண்டும்.
இல்லை என்று சொல்வதற்கும்
கம்பெனிக்கு ஒரு கணக்கு வேண்டும்.

வாடகைக்கு எடுத்தவர்கள் திருப்பூர்ப் பக்கம்,
கல்யாணமாகி ஒன்பது நாள்.
பாலை அடுப்பில் வைத்துவிட்டுப்
பூ பார்க்கக் குளத்தில் இறங்கியிருக்கிறார்கள்.
பால் பொங்கினால் வீடு விளங்கும் என்பார்கள்.
இது வீடு என்று
பாலுக்கு யார் சொன்னது?
அணைந்த அடுப்பிலிருந்து கேஸ் மட்டும் வந்திருக்கிறது.
பிறகு பூஜைக்கென்று அந்தப் பெண் கிழித்த தீக்குச்சி.
அவர்களுக்குக் காயமில்லை. நகைப்பை போயிற்று.

"ஃபுல் இன்சூரன்ஸ்தான சார் போட்டிருக்கு?"
உரிமையாளர் ஹெப்சிபா கேட்டார்.
எல்லோரும் இப்படித்தான் கேட்கிறார்கள்.
ஃபுல் என்ற வார்த்தை
மெஸ்ஸில் மட்டும்தான் உண்மை.

குளத்துப் படியில் உட்கார்ந்து சொன்னேன்.
மூன்றாம் நபர் என்பது நீங்கள் இடிக்கிற ஆள்.
அவருக்கு எப்போதும் உண்டு.
உங்கள் வண்டிக்கு என்பது தனிப் பிரீமியம்.
வாடகைக்கு விட்டால் மஞ்சள் போர்டு,
அதற்கு வேறு பாலிசி, வேறு பணம்.
அடுப்பு, ஃபிரிட்ஜ், கட்டில்
பொருத்தியதை எல்லாம் சொல்லி
மதிப்புப் போட்டிருக்கவேண்டும்.
உள்ளே வைத்த சேலை, நகை
இந்தத் தாளில் எங்கேயும் வராது.
வந்தாலும் ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாதி விலை.
ஃபைபருக்கு நூற்றுக்கு எழுபது.
கண்ணாடிக்குத் தேய்மானம் இல்லை.

"அதென்ன சார்,
உடையிறதுக்கு மட்டும் வயசாகாதா?"

இருபத்தோரு வருடமாக
இந்த அட்டவணை என் பையில் இருக்கிறது.
நான் இப்படி வாசித்ததில்லை.

மறுபடி உள்ளே போனேன்.
ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால், தீ எட்டாத பெட்டியில்
ஒரு பள்ளிக்கூட டைரி.
டோரதி, நான்காம் வகுப்பு, ஆ பிரிவு.
ரத்த வகை தெரியாது.
முகவரி என்ற இடத்தில்
டி.என். 58 என்று தொடங்கி
வண்டி நம்பரைப் பென்சிலால் எழுதியிருந்தாள்.

திரும்பிப் பார்த்தேன்.
ஹெப்சிபா வேறெங்கோ பார்த்தார்.
"வாடகை வர்ற அன்னிக்கு அக்கா வீடு சார்.
மத்த நாளு இதுதான்.
நின்னா வீடு, ஓடுனா வண்டி.
தீப்பிடிச்சப்ப நின்னுக்கிட்டுத்தான இருந்துச்சு?"

வீட்டுப் பாலிசி சக்கரம் வைத்ததைத் தொடாது.
வண்டிப் பாலிசிக்கு உலை வைப்பது தெரியாது.
இடையில் மூன்று பேர்
ஒருக்களித்துப் படுக்கிற அகலம்.
டேப்பில் ஆறடி இரண்டங்குலம் வந்தது.

நாகமலை புதுக்கோட்டைப் பேருந்து நிறுத்தத்தில்
டீ ஆறும் வரை எழுதினேன்.
தீயின் காரணம்: சமையல் எரிவாயு.
உபயோகம்: வாடகை.
முன் கண்ணாடி: சேதமில்லை.
பரிந்துரை: இழப்பீடு இல்லை.

பொய் எழுதவில்லை. எழுதவும் மாட்டேன்.
என் கையெழுத்துக்கு லைசென்ஸ் நம்பர் உண்டு.

'ஆய்வு நடந்த இடம்' என்றொரு கட்டம்
எல்லாப் படிவத்திலும் இருக்கும், யாரும் படிப்பதில்லை.
பணிமனை, விபத்து நடந்த இடம்,
பாலிசிதாரரின் இல்லம்.
ஒன்றை டிக் செய்யவேண்டும்.

மூன்றாவதை டிக் செய்தேன்.
அதனால் ஒரு ரூபாயும் கிடைக்காது.
பேனா மை கொஞ்சம் பரவியது.
பெரியார் நிலையம் போகிற பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன்.