நிகர்மதிப்பு

ஆல்பனியில் பனி பெய்யும் ஜனவரியில்
வல்பரைசோவின் கோடை
ஒரு பழுப்பு உறைக்குள் வந்து சேர்ந்தது.
முத்திரை மூன்று, நோட்டரி கையொப்பம் இரண்டு,
மொழிபெயர்ப்பாளரின் சத்தியம் ஒன்று.
பெயர்: ஹிமேனா ஒயார்சூன் பாரியா.

என் வேலை எண்ணுவது.
என்ன படித்தாள் என்பது அப்புறம்,
எத்தனை நிமிடம் உட்கார்ந்திருந்தாள் என்பது முதலில்.
பதினோரு வருடமாக எண்ணுகிறேன்.
நைரோபிக்காரர்கள் சுலபம்:
ஆங்கிலேயன் விட்டுப்போன அதே அலமாரி,
திறந்தால் அதே இழுப்பறைகள்.
லைப்சிக்கிலிருந்து வந்தவனிடம்
பட்டம் என்று சொல்ல ஒன்றுமில்லை,
அரசாங்கம் இருமுறை அவனைப் பிழிந்ததற்கான
இரண்டு தாள்கள் மட்டும்.
இங்கோ, இசையோ விலங்கியலோ படித்து முடித்தவன்
மேலும் மூன்று வருடம் கடன் வாங்கினால்
காகிதத்தில் டாக்டர்.
யாரும் அவனை அப்படிக் கூப்பிடுவதில்லை,
அவன் அம்மாவைத் தவிர.

ஹிமேனா பதினெட்டு வயதில்
நேரே சட்டத்துக்குள் நடந்து போனவள்.
ஐந்து வருடம்.
அதில் ரோமானியச் சட்டம் முழுசாக ஒரு வருடம்.
செத்த மொழியில், செத்தவர்கள் விற்ற மாடுகள்.
எங்கள் படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது,
'வரலாறு, விருப்பப் பாடம்' என்று எழுதினேன்.
பிறகு மூன்று பேராசிரியர்கள் முன்னால்
சீட்டு எடுத்து, வந்த தலைப்பில்
வாயால் சொன்ன பரீட்சை.
பிறகு ஆறு மாதம்
காசில்லாதவர்களின் வழக்குகள், கூலியில்லாமல்.
அதற்கும் பிறகுதான், சாந்தியாகோவில்,
உச்ச நீதிமன்றம் அவளை வழக்கறிஞர் என்றது.
அங்கே பல்கலைக்கழகம் வாசல்வரைதான் வரும்.

எங்கள் வகுப்புகளில்
யாரோ ஒருவன் பசு
யாரோ ஒருவன் வேலியைத் தாண்டும்.
பேராசிரியர் கேட்டுக்கொண்டே இருப்பார்,
பதில் சொல்லமாட்டார்.
நாலைந்து நீதிபதிகள், நூறு வருடம்,
சட்டம் மெல்லத் தலையை நீட்டும்.
அவர்களுக்குச் சட்டம் முதலில் பிறக்கிறது,
எண்ணிட்ட பிரிவுகளாக, பல்லோடு.
பசு பின்னால் வந்து
தனக்கான எண்ணைத் தேடிக்கொள்ளவேண்டும்.

நான்காம் ஆண்டு. வாரிசுரிமை. தொண்ணூறு மணி நேரம்.
எதிர்க்கட்டத்தில் 'உயில்கள், மூன்று அலகு' என்று
பாதி எழுதிவிட்டு
இணைத்திருந்த பாடத்திட்டத்தைப் படித்தேன்.
படிக்கத் தேவையில்லை. படித்தேன்.

ஒருவன் செத்தால் அவன் சொத்து நாலு பங்கு.
இரண்டு, பிள்ளைகளுக்கும் துணைக்கும், கேள்வியில்லை.
ஒன்றை அவர்களுக்குள்ளேயே
யாருக்குக் கூட்டிக் கொடுப்பது என்பது அவன் பாடு.
மிச்சம் ஒன்றுதான் அவன் இஷ்டம்.
பிள்ளையைத் தள்ளி வைக்க
சட்டம் எண்ணிச் சொன்ன காரணம் வேண்டும்,
கோபம் அந்தப் பட்டியலில் இல்லை.

'என் மகன் ஓரினுக்கு,
அவனுக்கே தெரிந்த காரணங்களுக்காக,
எதுவும் இல்லை.'
அப்பாவின் வக்கீல் இதை வாசித்துவிட்டு
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
சட்டப்படி கச்சிதம், என்றார்.
கொஹோஸ் வீடு பனிவண்டிச் சங்கத்துக்கு.
காரணம் எனக்குத் தெரியும் என்பதும்
உண்மைதான்.

பென்சிலால் ஓரத்தில் கணக்குப் போட்டேன்.
ஒரே பிள்ளை. அம்மா முன்னாலேயே போய்விட்டாள்.
வல்பரைசோவில் என்றால் எனக்கு முக்கால் வீடு:
அடுப்படி, படிக்கட்டு, மாடியில் இரண்டு அறை.
வண்டிக்கொட்டகையைச் சங்கமே வைத்துக்கொள்ளட்டும்,
அதில் எப்போதும் டீசல் வாடை.

அழித்தேன்.
காலம்: நிகர்.
பொருள்: நிகரல்ல.
பரிகாரம்: இங்கே ஓராண்டு, இருபத்து நான்கு அலகுகள்.
விதி அப்படி. விதியில் தப்பில்லை.

செப்டம்பரில் அவள் இங்கே வருவாள்,
தன்னைவிடப் பத்து வயது சின்னவர்கள் நடுவே
உட்கார்ந்து கேட்பாள்,
ஒரு தகப்பன் ஒன்றுமே தராமல் போகலாம் என்பதை.
கை தூக்கி, எந்தப் பிரிவு என்பாள்.
அதற்கு அவளுக்கு மூன்று அலகு.
எனக்கு ஒரு பிற்பகல் ஆயிற்று,
வாகன நிறுத்தக் கட்டணம் தனி.

அடுத்த உறை திபிலிசி.
ஓரம் நனைந்திருக்கிறது.